வயிற்றுக்கு ஆகாத உணவு எது?
குடல் எரிச்சல் நோயும் நம் சாப்பாட்டுத் தட்டும்



சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. வெளிநோயாளர் பிரிவு வராந்தாவில் நாங்கள் நோயாளிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆசிரியை எங்களைத் தேடி வந்தார். வயது 42. கையில் தடித்த ஃபைல். இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி எல்லாம் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

"ஐயா, பார்க்கிற டாக்டர் எல்லாரும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டார்.

ஆறு வருடமாக அவருக்கு அடிவயிற்றில் வலி. வயிறு உப்பிக்கொள்ளும். சில நாள் நாலைந்து முறை அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டும். சில நாள் முக்கினாலும் போகாது. கத்தரிக்காய் சாப்பிட்ட அன்று வலித்தது என்று கத்தரிக்காயை நிறுத்தினார். சாம்பார் சாப்பிட்ட அன்று வலித்தது என்று பருப்பை நிறுத்தினார். பிறகு முட்டை, பிறகு தேங்காய், பிறகு மீன். அப்படி அவர் ஒதுக்கிய பொருட்கள் பதினேழு. கடைசியில் அவருக்கு மிஞ்சியது கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும்தான். உடம்பு 6 கிலோ இளைத்துவிட்டது. அப்போதும் வலி நிற்கவில்லை.

ஆலயத்தில் அவர் உட்காருவது கடைசிப் பெஞ்சில், வாசலோரம். ஆராதனை நடுவில் எழுந்து போக வேண்டி வருமோ என்ற பயத்தில், பிறகு அதையும் விட்டுவிட்டார். கோயில் அசனத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. "புற்றுநோயாக இருந்து, என்னிடம் மறைக்கிறார்களோ?" என்பதுதான் இரவெல்லாம் அவர் மனதில் ஓடிய கேள்வி.

அன்றைக்கு நாங்கள் அவருக்குச் சொன்னது, "கவலைப்படாதீர்கள் டீச்சர், எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஒரே வாக்கியம்தான். அது அவருக்கு உதவவில்லை என்பதை அவர் முகமே காட்டியது. டாக்டர்கள் சொன்ன "ஒன்றுமில்லை"யையே நாங்களும் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தோம். அதன்பிறகு, குடல் நோய் மருத்துவரோடும் உணவு ஆலோசகரோடும் உட்கார்ந்து இந்த வியாதியைப் பற்றி நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இந்தத் தொல்லை இருக்கத்தான் செய்யும். வெட்கத்தினால் வெளியே சொல்லாமல் இருப்பார்கள்.

இது என்ன வியாதி?

இதை ஐ.பி.எஸ். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்கிறார்கள். தமிழில் குடல் எரிச்சல் நோய் என்கிறோம். எரிச்சல் என்றவுடன் குடலில் புண்ணோ நெருப்போ இருப்பதாக எண்ண வேண்டாம். சிறு விஷயத்துக்கும் சிலர் சட்டென்று எரிந்து விழுவார்களே, அப்படிப்பட்ட எரிச்சல் இது. குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. ஆனால் அதன் அசைவும், அதிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வும் சீராக இல்லை.

வேலை செய்யும் முறையில் குறை இருந்தால் ஸ்கேனில் தெரியாது. ஒரு வீட்டின் மின்சாரக் கம்பிகள் எல்லாம் நன்றாக இருந்தும் அழைப்பு மணி மட்டும் காற்றடித்தாலே அலறுவதுபோல என்று எங்கள் மருத்துவர் விளக்கினார். மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் கொஞ்சம் வாயுவும் கொஞ்சம் நீரும், இவர்களுக்கு நிஜமான வலியாகவே தெரிகிறது. ஆகவே இது மனப்பிரமை அல்ல. நடிப்பும் அல்ல.

இதைக் கண்டறிய 2016-ல் வெளியான ரோம் நெறிமுறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்குச் சராசரியாக ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அதோடு, மலம் கழிப்பதோடு வலி கூடுவது அல்லது குறைவது, கழிக்கும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 33 நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்தக் கண்டிப்பான அளவுகோலின்படியே ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேருக்கு இந்நோய் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

எதனால் வருகிறது? ஒரே காரணம் இல்லை. சிலருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்து போனபின் தொடங்குகிறது. கனடா நாட்டின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் குடிதண்ணீரில் கிருமி கலந்து ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கிருமி நீங்கிய பின்பும் பலருக்குக் குடல் எரிச்சல் நோய் வந்திருந்தது. எட்டு வருடம் கழித்தும் ஒரு பகுதியினருக்கு அது நீடித்தது. குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நாம் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் பார்க்க வேண்டியது

உணவைப் பற்றிப் பேசுமுன் ஓர் எச்சரிக்கை. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், இது ஐ.பி.எஸ்.தான் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

• மலத்தில் இரத்தம், அல்லது தார்போலக் கறுத்த மலம்
• காரணமின்றி உடல் இளைத்தல்
• இரத்தசோகை
• தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல்
• 45 அல்லது 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம்
• குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய்
• வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி

நம் நாட்டில் குடல் காசநோய், அமீபா, ஜியார்டியா போன்ற கிருமிகளும் இதேபோன்ற தொந்தரவைத் தரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அவற்றை விட்டுவிட்டு உணவை மாற்றிக்கொண்டிருப்பது ஆபத்து. கோதுமைப் புரதமான குளூட்டன் ஆகாத சீலியாக் என்ற நோயும் உண்டு. 2016-ல் வெளியான இந்திய ஆய்வில் அது வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இருந்தது. நம் பக்கத்தில் அரிது என்றாலும், சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யும்வரை கோதுமையை நிறுத்தக்கூடாது. முன்பே நிறுத்திவிட்டால் பரிசோதனை சரியான பதில் தராது.

நம் ஆசிரியை 6 கிலோ இளைத்திருந்ததால்தான் மருத்துவர்கள் அத்தனை பரிசோதனை செய்தார்கள். வீண் செலவு என்று அவர் நினைத்திருந்தார். புற்றுநோய் இல்லை, காசநோய் இல்லை, சீலியாக் இல்லை என்று ஒவ்வொரு காகிதமாக எடுத்து மருத்துவர் விளக்கியபோதுதான், அந்த ஃபைலின் அர்த்தம் அவருக்குப் புரிந்தது.

உணவு எப்படித் தொந்தரவு தருகிறது?

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்து இரத்தத்தில் சேர்ந்துவிடும். அரிசிச்சோறு அப்படிப்பட்டது. ஆனால் சில வகைச் சர்க்கரைகளும் மாவுச்சத்துகளும் முழுவதும் செரிப்பதில்லை. அவை போகிற வழியில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைக்கும். மாவு புளித்துப் பொங்குவதுபோல அங்கேயும் வாயு உண்டாகும். இது எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான். குடலுக்கு நல்லதும்கூட. ஆனால் உணர்வு மிகுந்த குடலுக்கு அந்த வாயுவும் நீரும் வலியாகவும் உப்புசமாகவும் ஓட்டமாகவும் மாறுகிறது.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைத் தொகுத்து ஃபாட்மேப் என்று பெயரிட்டார்கள். 2005-ல் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஐந்து வகைகள் உண்டு.

1. ஃப்ரக்டான்: வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, ரவை.
2. பயறு, பருப்பு வகைகளில் உள்ள சர்க்கரை: கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா, பட்டாணி. முந்திரியிலும் உண்டு.
3. லாக்டோஸ்: பால், பால் கலந்த டீ, காப்பி, பாயசம், ஐஸ்கிரீம்.
4. மிகையான ஃப்ரக்டோஸ்: மாம்பழம், ஆப்பிள், தர்ப்பூசணி, தேன்.
5. பாலியால்கள்: காலிஃபிளவர், காளான், சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம்.

பாலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, வளர்ந்தபின் பலருக்குக் குறைந்துவிடும். 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், திருவனந்தபுரம், பாண்டிச்சேரி ஆகிய இடங்களில் பரிசோதித்த ஆரோக்கியமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸ் ஏற்கவில்லை. டெல்லியில் அது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஆகவே நம் ஊரில் பால் ஒத்துக்கொள்ளாதவர் பலர் இருப்பது ஆச்சரியமல்ல. ஆனால் தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுகின்றன. பால் ஆகாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வது இதனால்தான்.

கோதுமை ஆகவில்லை என்பவர்கள் குளூட்டனைத்தான் குற்றம் சொல்வார்கள். நார்வே நாட்டில் சீலியாக் நோய் இல்லாத, ஆனால் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் அதிகத் தொந்தரவு தந்தது குளூட்டன் அல்ல, ஃப்ரக்டான்தான்.

இவை தவிர மிகுந்த காரம், எண்ணெயில் பொரித்தவை, அதிகக் காப்பி, சோடா ஆகியவையும் குடலைத் தூண்டும். இவை ஃபாட்மேப் வகையைச் சேர்ந்தவை அல்ல. வேறு வழியில் வேலை செய்கின்றன.

கடைசியாகச் சாப்பிட்டதே குற்றவாளியா?

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறோம். சாப்பாடு வயிற்றில் விழுந்தவுடன், எந்தச் சாப்பாடாக இருந்தாலும், பெருங்குடல் அசையத் தொடங்கும். உள்ளே வருவதற்கு இடம் செய்கிற இயற்கையான ஏற்பாடு அது. மத்தியானம் கத்தரிக்காய்க் கூட்டு சாப்பிட்டு அரைமணி நேரத்தில் வலித்தால், நாம் கத்தரிக்காயைக் குற்றம் சொல்கிறோம். ஆனால் காலையில் குடித்த பாலும், முந்தின இரவு சாப்பிட்ட பரோட்டாவும் அப்போதுதான் பெருங்குடலை அடைந்து புளித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, அளவு. நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். ஒரு மழை பெய்தால் கரை தாங்கும். அடுத்தடுத்து மூன்று மழை பெய்தால்தான் உடையும். மூன்றாவது மழை மட்டும் உடைத்தது என்று சொல்ல முடியாது. ஒரு டம்ளர் டீ தாங்கும். கூடவே கோதுமைப் பிஸ்கட்டும் வெங்காயக் குருமாவும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் கரை உடைகிறது. ஒரு பொருள் ஒரு நாள் ஆகி மறுநாள் ஆகாமல் போவதன் இரகசியம் இதுதான்.

எளிய வழியை முதலில் பாருங்கள்

உடனே பத்தியத்தில் இறங்க வேண்டியதில்லை. இங்கிலாந்து நாட்டு மருத்துவ நெறிமுறை 2008-ல் சொன்ன எளிய ஆலோசனைகளைத்தான் எங்கள் உணவு ஆலோசகரும் முதலில் தருகிறார்.

• வேளை தவறாமல் சாப்பிடுங்கள். வெகுநேரம் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகச் சாப்பிட வேண்டாம்.
• உட்கார்ந்து, நிதானமாக, மென்று சாப்பிடுங்கள்.
• நாளொன்றுக்கு எட்டு டம்ளராவது தண்ணீரும் பிற பானமும் வேண்டும்.
• டீ, காப்பி மூன்று கப்புக்குள் இருக்கட்டும்.
• பழம் ஒரு நாளில் மூன்று பங்குக்குள். ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 80 கிராம்.
• பொரித்ததையும் சோடா வகைகளையும் குறையுங்கள்.

இவை சாதாரணமாகத் தோன்றலாம். சுவீடனில் 75 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இத்தகைய எளிய ஆலோசனையும், மற்றதற்கு ஃபாட்மேப் பத்தியமும் கொடுத்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி இரு பிரிவிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆகவே எளியதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

தபசு நாட்களில் உபவாசம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் வயிற்றோடு மாலைவரை இருந்து, பிறகு வயிறு நிறையச் சாப்பிடுவது இந்நோயாளிகளுக்கு மிகுந்த தொந்தரவு தரும். மருத்துவரைக் கேட்டு, உபவாசத்தின் முறையை மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

நார்ச்சத்து நல்லது என்று கோதுமைத் தவிட்டைச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 275 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், இசப்கோல் உமி பலன் தந்தது. தவிட்டினால் தெளிவான பலன் இல்லை. தொந்தரவு கூடியதால் பலர் இடையில் நிறுத்தியும்விட்டார்கள். இசப்கோல் நம் நாட்டுப் பொருள்தான். சிறு அளவில் தொடங்கி, போதிய தண்ணீரோடு எடுக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்

நம் ஆசிரியைக்கு உணவு ஆலோசகர் முதலில் கொடுத்தது மருந்துச் சீட்டு அல்ல, நாற்பது பக்க நோட்டு. மூன்று வாரம் எழுதச் சொன்னார். எதையும் புதிதாக நிறுத்தக்கூடாது, இருப்பதை அப்படியே எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும் ஐந்து கட்டங்கள்:

1. நேரம், சாப்பிட்டது என்ன, எவ்வளவு (டீ, மிட்டாய் உட்பட)
2. வலி, உப்புசம் எத்தனை மணிக்கு. 0 முதல் 10 வரை எவ்வளவு
3. மலம் எத்தனை முறை, எப்படி (பிரிஸ்டல் மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்ட அட்டவணையில் கெட்டி முதல் நீர்வரை ஏழு வகைகள் உண்டு, அந்த எண்ணைப் போட்டால் போதும்)
4. தூக்கம் எப்படி, அன்றைய கவலை, அவசரம் என்ன
5. பெண்களுக்கு மாதவிலக்கு நாள்

மூன்று வாரம் கழித்து நோட்டை விரித்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வலி முழுவதும் பள்ளி நாட்களில். விடுமுறையில் பாதிகூட இல்லை. "அப்படியானால் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு வலிக்கிறதா?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். ஆலோசகர் சிரித்தார். பள்ளி நாட்களில் அவர் காலையில் சாப்பிடுவதில்லை. கஞ்சியைத் தவிர ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவந்தாரே, ஆசிரியர் அறையில் மூன்று முறை பால் டீயும் நான்கு பிஸ்கட்டும் கணக்கில் வரவே இல்லை. இரவு களைத்து வந்து, அவசரத்துக்கு வீட்டாருக்குச் செய்த சப்பாத்தியிலும் வெங்காயக் குருமாவிலும் கொஞ்சம் சாப்பிட்டுவிடுவார். விடுமுறையில் வேளைக்குச் சோறு. டீ ஒன்றே ஒன்று. பால், கோதுமை, வெங்காயம் என்ற மூன்று மழையும் பள்ளி நாளில்தான் சேர்ந்து பெய்திருக்கின்றன.

எழுதாமல் இருந்தால் இது தெரிந்திருக்காது. நினைவு நம்மை ஏமாற்றும். நோட்டு ஏமாற்றாது.

மூன்று படிகள்

எளிய வழியில் பலன் போதவில்லை என்றால், உணவு ஆலோசகரின் துணையோடு ஃபாட்மேப் பத்தியம் இருக்கலாம். மோனாஷ் ஆய்வாளர்கள் 30 நோயாளிகளுக்கு 21 நாள் இந்த உணவும், மற்றொரு 21 நாள் வழக்கமான ஆஸ்திரேலிய உணவும் தாங்களே சமைத்துக் கொடுத்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், தொந்தரவின் அளவு பத்தியத்தின்போது ஏறத்தாழ பாதியாக இருந்தது.

முதல் படி, குறைப்பது. 2 முதல் 6 வாரம் வரை மட்டும். ஐந்து வகைகளையும் ஒரே சமயத்தில் குறைக்க வேண்டும். சோறு, இட்லி, உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், முட்டை, மீன், கோழி, ஆரஞ்சு, பப்பாளி, நிலக்கடலை இவையெல்லாம் உண்டு. பட்டினி கிடக்கிற பத்தியம் அல்ல.

இரண்டாம் படி, திரும்பச் சேர்ப்பது. இதுதான் முக்கியம். ஒரு வகைக்கு ஒரு பொருளாக எடுத்து, முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் அதைவிடக் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. பிறகு அடுத்த பொருள். முடிவை நோட்டில் எழுத வேண்டும்.

மூன்றாம் படி, தனக்கேற்ற உணவை அமைத்துக்கொள்வது. ஆகிறதை எல்லாம் திரும்பச் சேர்த்து, ஆகாததை ஆகாத அளவுக்கு மட்டும் குறைப்பது.

பலர் முதல் படியில் சுகம் கண்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது தவறு. நாம் ஒதுக்கும் பருப்பும் வெங்காயமும் குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவு. நீண்ட நாள் ஒதுக்கினால் அவை குறையும். நமக்கும் சத்துக்குறைவு வரும். ஏற்கெனவே இளைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் ஆலோசனையின்றி இதில் இறங்கவே கூடாது. ஒரு துளி இரத்தம் எடுத்து நூறு உணவுகளின் பட்டியல் தரும் ஐ.ஜி.ஜி. பரிசோதனைக்கும் பணம் செலவிட வேண்டாம். உண்ட உணவுக்கு உடம்பு காட்டும் சாதாரண அடையாளத்தைத்தான் அது காட்டுகிறது. ஆகாத உணவை அல்ல.

நம் சமையலறைக்குச் சில யோசனைகள்

• பூண்டின் ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் பொரித்து, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் இருக்கும், தொந்தரவு இராது. ஆனால் சாம்பாரிலோ ரசத்திலோ கொதிக்கவிட்டுப் பிறகு எடுப்பதில் பயன் இல்லை. ஃப்ரக்டான் குழம்பில் இறங்கியிருக்கும்.
• வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம்.
• பயறு, பருப்பை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். சிறிய கரண்டி அளவில் தொடங்குங்கள்.
• கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சிட்டிகை அளவு பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. சீலியாக் நோயாளிகள் மட்டும் கவனிக்க வேண்டும்.
• மிகவும் கனிந்த வாழைப்பழத்தில் ஃப்ரக்டான் கூடுதல். சற்று உறுதியாக இருக்கும்போது சாப்பிடலாம்.

மனமும் குடலும்

குடலுக்கென்று சொந்த நரம்பு மண்டலம் உண்டு. அதில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்குவது நாமெல்லாம் அறிந்ததே. ஆகவே கவலை வலியைக் கூட்டும். வலி கவலையைக் கூட்டும். இதைச் சொல்வதனால், "எல்லாம் உன் மனதில்தான்" என்று சொல்வதாகாது. போதிய தூக்கம், தினமும் சற்று நடை, மனதிலிருப்பதைக் கேட்க ஒரு செவி, இவையும் சிகிச்சையின் பகுதிகளே. தேவையானவர்களுக்கு வலியைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. மருத்துவர் பார்த்துத் தருவார்.

ஆசிரியை இன்று

இரண்டாம் படியை முடிக்க நம் ஆசிரியைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கத்தரிக்காய் அவரை ஒன்றும் செய்யவில்லை. முட்டை, மீன், தேங்காய் ஒன்றும் செய்யவில்லை. வெங்காயம் போடாத சாம்பார் இரண்டு கரண்டி தாங்கியது. பால் அரை டம்ளர் ஆகும், ஒரு டம்ளர் ஆகாது. சப்பாத்தி இரண்டு ஆகும், மூன்று ஆகாது. வெங்காயம் வதக்கியது கொஞ்சம் ஆகும். பச்சை வெங்காயம் ஆகாது. பதினேழு பொருள் இருந்த பட்டியலில் ஒரு பொருள்கூட மிஞ்சவில்லை. அவருக்கு ஆகாதவை அந்தப் பட்டியலிலேயே இல்லை! இழந்த 6 கிலோவில் 5 கிலோ திரும்பி வந்தது.

முழுச் சுகம் என்று சொல்ல மாட்டோம். பள்ளியில் ஆய்வு நடக்கும் வாரம் வலி எட்டிப் பார்க்கிறது. ஆனால் "இது என்ன என்று எனக்குத் தெரியும் ஐயா, இரண்டு நாளில் போய்விடும்" என்கிறார். இரவில் வந்த அந்தப் பழைய கேள்வி இப்போது வருவதில்லை.

சென்ற அசனத்தன்று அவரை நாங்கள் பந்தியில் பார்த்தோம். சோறும், குழம்பில் கொஞ்சமும், கறி இரண்டு துண்டும் வாங்கிக்கொண்டார். பரிமாறியவர் பழக்கப்படி இன்னொரு கரண்டி ஊற்ற வந்தபோது, இலைமேல் கையை வைத்து, "போதும் தம்பி" என்றார். அந்தத் தம்பியும் வற்புறுத்தாமல் அடுத்த இலைக்குப் போனார்.

அன்பானவர்களே, உங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வதும் அதுதான். விருந்தில் ஒருவர் வேண்டாம் என்றால், ஏன் என்று பலர் முன்னால் கேட்க வேண்டாம், இலையில் திணிக்க வேண்டாம். கடைசிப் பெஞ்சில் வாசலோரம் ஒருவர் உட்கார்ந்தால், முன்னே வரும்படி வற்புறுத்த வேண்டாம். ஆலய வளாகத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியும்படி ஒரு பலகை வையுங்கள்; அதைப் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு முன், ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைக் குருவானவர்